ரொட்டி வேனுக்கு ஒரு கூரை

விக்,
வடக்கு ஸ்காட்லாந்து,
9 மார்ச் 1987

அன்புள்ள எல்ஸ்பெத்,

இது யார் எழுத்து என்று யோசிக்காதே. என்னுடையதுதான். பக்கத்து வீட்டு லாக்லனின் எழுத்து சாய்ந்து ஓடும். என்னுடையது கரையில் இழுத்துப் போட்ட படகுகள் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. ஆனால் நிற்கிறது, பார்த்தாயா!

நீ ஆபரேஷனுக்குப் போன பிறகு செவ்வாயும் வியாழனும் நூலகத்தின் பின்னறைக்குப் போய் வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. எழுத்து வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். எழுபது வயதில் உட்கார நாற்காலி சின்னதாக இருக்கிறது. முழங்கால் மேசையில் இடிக்கிறது. போன வாரம் ரொட்டிக் கடைக்கு வெளியே நின்று பலகையை முழுவதும் படித்தேன். உள்ளே போய் எதுவும் வாங்கவில்லை. படிக்கத்தான் போனேன்.

இதுவரை உன் கடிதங்களை லாக்லன்தான் படித்துக் காட்டினான். என் பதிலையும் அவன்தான் எழுதினான். நேற்று வந்த உன் கடிதத்தை அவன் கையில் கொடுக்கவில்லை.

"என்னடா, இனிமே நான் வேண்டாமா உனக்கு?" என்றான்.

"டீ குடிக்க வா. படிக்க வேண்டாம்."

"முப்பது வருஷம் தபால் சுமந்தவன்டா நான். ஊர் ரகசியமெல்லாம் என் பையிலதான் கிடந்துச்சு."

"கிடந்துச்சு, சரி. ஆனா அதெல்லாம் ஒட்டின உறைக்குள்ள கிடந்துச்சு."

கோபித்துக்கொண்டு இரண்டு கப் டீ குடித்துவிட்டுப் போனான்.

ஆகையால் பெண்ணே, இனி நடுவில் ஆள் இல்லை. என்ன வேண்டுமானாலும் எழுது. "நலமாக இருக்கிறேன், குளிர் குறைந்திருக்கிறது" என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறாயே, அதைத் தாண்டியும் எழுது.

நாம் ஊர் சுற்ற வாங்கிய பழைய ரொட்டி வேன் விஷயம். அக்டோபரில் படகுப் பட்டறை ஆட்கள் பழைய தகரக் கூரையை அறுத்து எடுத்துவிட்டு, மேலே தூக்கி நிறுத்துகிற கண்ணாடியிழை மூடியை வைத்துவிட்டுப் போனார்கள் அல்லவா? அது வெறும் கிண்ணம் மாதிரி இருந்தது. இப்போது அதன் உட்பக்கத்தை நான் செய்கிறேன். மூடியில் நேராகத் திருகாணி போட்டால் வெளியே முளைத்துவிடும், மழை உள்ளே வரும். அதனால் சின்னச் சின்ன மரக்கட்டைகளை உள்பக்கம் பசையில் பதித்திருக்கிறேன். கைப்பிடி, விளக்கு, கொக்கி எல்லாம் அந்தக் கட்டைகளைத்தான் கடிக்கும். கட்டைகளுக்கு நடுவே குளிரைத் தடுக்கக் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, பலகை வைத்து மூடி, இண்டு இடுக்கெல்லாம் பூசிவிட்டேன். ஒரு சொட்டு உள்ளே வராது. நாற்பது வருடம் படகுப் பட்டறையில் இருந்தவன் செய்த கூரை.

பட்டறை ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "இதைக் கடல்ல தள்ளினாலும் மிதக்கும்" என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீ என்னிடம் வாங்கிய வாக்கை மீறவில்லை. "நான் சொல்லும்வரை என்னைப் பார்க்க வராதே" என்றாய். வரவில்லை. ஆனால் நீ உன் அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. எப்போது சொல்வாய்? எப்போது வந்து அழைத்துக்கொள்ளட்டும்?

இதை எழுத மூன்று மாலைகள் ஆயின. கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

உன்
முர்டோ


எடின்பரோ,
17 மார்ச் 1987

அன்புள்ள முர்டோ,

உன் கடிதத்தை நெட்டா அக்காவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த மனுஷனா?" என்றாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

நாற்பத்திரண்டு வருடம் செய்தித்தாளையும் மின்சார பில்லையும் உன் அண்ணன் கனடாவிலிருந்து எழுதியதையும் நான் உனக்குப் படித்துக் காட்டினேன். இன்று நான் எழுதுவதை நீயே படிக்கிறாய். நான் பெருமைப்படுகிறேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது உனக்குப் பிடிக்காது.

நீ தாண்டி எழுதச் சொன்னாய். லாக்லன் படிப்பான் என்பதால்தான் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

புற்று பரவாமலிருக்க என் குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில், காலர் எலும்புகள் சேரும் இடத்தில், ஒரு துளை இருக்கிறது. அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். மூக்கு வெறும் அலங்காரம். சூப் கொதிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, வாசனை தெரியவில்லை. இருமினால் வாயைப் பொத்திப் பிரயோஜனமில்லை, கழுத்தைப் பொத்த வேண்டும். பழக்கத்தில் கை இன்னும் வாய்க்குத்தான் போகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்.

பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினால் போத்தலுக்குள் மாட்டிய ஈ மாதிரி இரையும். முதல் தடவை அதை வைத்து "நெட்டா" என்றேன். அவள் நாய் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. அன்றோடு பெட்டியில் போட்டுவிட்டேன். ஒரு சின்ன சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன்.

போன சனிக்கிழமை மீன் கடைக்குப் போனோம். கடைக்காரன் என்னைப் பார்க்கவில்லை, நெட்டாவைப் பார்த்துக் கேட்டான்.

"இவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"ஹேடக் பிடிக்கும் இவளுக்கு" என்றாள் நெட்டா.

"காது கேக்குமா பாவம்?"

எனக்கு ஹேடக் வேண்டாம். ஹெர்ரிங்தான் வாங்க நினைத்தேன். சிலேட்டை எடுப்பதற்குள் அவன் பொட்டலம் கட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து ஹேடக்கைத் தின்றேன்.

முர்டோ, நீ ஒரு குரலைக் கல்யாணம் செய்துகொண்டவன். கிராமத்து நடன அரங்கில் என் முகத்தை நீ பார்ப்பதற்கு முன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டாய் என்று நீதான் சொல்வாய். அந்தக் குரல் இல்லை. மிச்சம் இருப்பது இருமுகிற ஒரு கிழவி. நீ பார்க்க வேண்டாம். நெட்டாவின் பின்னறை எனக்குப் போதும். நான் விக்குக்கு வரப்போவதில்லை.

வேனை விற்றுவிடு. கண்ணாடிப் பஞ்சு என்று எழுதியிருந்தாய். மூக்கு இல்லாதவளுக்கு வடிகட்டி இல்லை. தூசியும் நாரும் பசை நெடியும் நேரே நுரையீரலுக்குப் போகும் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டாள். தாழ்ந்த கூரையும் எனக்கு ஆகாது இப்போது. பேருந்தில்கூட மேல்தளத்துக்குப் போக முடியவில்லை.

உன் எழுத்து நன்றாக இருக்கிறது. நிறுத்திவிடாதே.

எல்ஸ்பெத்


விக்,
30 மார்ச் 1987

அன்புள்ள எல்ஸ்பெத்,

உன் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். சொற்களைப் படிக்க ஒரு மாலை ஆனது. நம்புவதற்கு ஒரு வாரம்.

லாக்லன் வந்து, "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டான். "குளிர் குறைஞ்சிருக்காம்" என்றேன்.

மறுநாள் காலையில் வேனுக்குள் ஏறி, பலகைகளைக் கழற்றிக் கண்ணாடிப் பஞ்சு முழுவதையும் பிய்த்து எடுத்தேன். மூட்டை மூட்டையாக வந்தது. கைகளெல்லாம் அரிப்பு. என் தோலுக்கே இப்படி என்றால் என்று நினைத்தேன். பிறகு ஈரத்துணியால் மூடியை மூன்று தடவை துடைத்தேன். அதிலும் திருப்தி இல்லை. சர்ச்சில் தரைவிரிப்புக்கு வைத்திருக்கும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைச் சாவிக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

லாக்லன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். "போதகருக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம் உன்னைப் பத்தித்தான்."

"தெரிஞ்சா தெரியட்டும்."

"நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்குப் பிரிச்சே?"

"நல்லா இல்லை."

"யார் சொன்னா?"

"படிச்சேன்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? அந்த நேரத்திலும் இனித்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது வேறு பொருள். மிதவை அங்கிகளுக்குள் வைத்துத் தைப்பார்களே, அந்த நுரைத் தகடு. பட்டறையில் சுருள் சுருளாகக் கிடக்கிறது. நாரும் இல்லை, தூளும் இல்லை. கத்தியால் வெட்டினால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். தகடு தகடாக வெட்டி, கட்டைகளுக்கு நடுவே மூடியோடு ஒட்டுகிறேன். ஓரத்தில் மட்டும் சுற்றிலும் இரண்டு விரல்கடை விட்டுவிட வேண்டும். கூரையை இறக்கும்போது பக்கச் சுவராக நிற்கும் கேன்வாஸ் துணி உள்ளே மடிந்து உட்கார அதுதான் இடம். பசையின் நெடி போகும்வரை கூரையைத் தூக்கியே வைத்திருப்பேன். இங்கே அடிக்கிற காற்றில் ஒரு மாதத்தில் எதுவும் மிஞ்சாது.

நீ எழுதியதற்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று தெரியும். அதற்கான சொற்கள் என்னிடம் இன்னும் இல்லை. இருக்கிற சொற்கள் பலகையும் பசையும்தான். அதனால் அதைக் கேட்கிறேன்.

கூரையைத் தூக்கினால் அடியில் ஆறடிக்கு மேல் இருக்கிறது. நீ நிமிர்ந்து நிற்கலாம். தலைக்கு மேல் இன்னும் எவ்வளவு இருந்தால் தாழ்வு என்று தோன்றாது? எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வலது பக்கமா, இடது பக்கமா? படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உனக்கு என்னென்ன எட்ட வேண்டும்? கொக்கிகள் போடுவதற்கு முன்னால் தெரிய வேண்டும். கட்டையைப் பதித்த பிறகு மாற்ற முடியாது.

வேனை விற்கவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்
முர்டோ


எடின்பரோ,
8 ஏப்ரல் 1987

முர்டோ,

விற்கச் சொன்னேன். நீ கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்கிறாய். நெட்டாவிடம் காட்டினேன். "அந்த ஆள் முன்னாடியும் இப்படித்தானா?" என்றாள். இப்படித்தான் என்று எழுதிக் காட்டினேன்.

இடது பக்கம். கழுத்தை அறுத்ததில் வலது தோள் இறங்கிப்போய்விட்டது. அந்தக் கையை மேலே தூக்க முடியவில்லை.

எட்ட வேண்டியவை: தண்ணீர் தெளிக்கும் சின்னப் போத்தல், கழுத்தில் கட்டும் ஈரத்துணி, சிலேட்டு, ஒரு கண்ணாடி. துளையைச் சுத்தம் செய்யக் கண்ணாடி வேண்டும். நீ கேட்டதால் சொல்கிறேன். வருவதற்காக அல்ல.

நேற்று டாக்டரிடம் போனோம். இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறதாம். திரும்பி வராது என்று சொல்ல முடியாதாம். இரண்டு வருடம் தாண்டினால் கொஞ்சம் நம்பலாம், ஐந்து தாண்டினால் நன்றாக நம்பலாம் என்றார். எல்லாவற்றையும் நெட்டாவைப் பார்த்தே சொன்னார்.

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். என்னைப் பார்க்க உனக்குப் பயமாக இல்லையா? பொய் எழுதாதே. பொய் எழுதுவதற்கா அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாய்?

எல்ஸ்பெத்


விக்,
22 ஏப்ரல் 1987

அன்புள்ள எல்ஸ்பெத்,

முதலில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். உன் கேள்வி இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. ஓடிப்போகவில்லை.

நுரைத் தகடு ஒட்டி முடித்து, பலகையும் வைத்து, எண்ணெய் வண்ணம் பூசி, பழையபடி எல்லா இடுக்குகளையும் அடைத்தேன். சோதித்துப் பார்ப்போம் என்று அதிலேயே படுத்தேன். வெளியே நல்ல மழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பெருமையாகத் தூங்கினேன். காலையில் கண் விழித்தால் நெற்றி நனைந்திருக்கிறது. தலையணை நனைந்திருக்கிறது. கூரை முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர். எங்கே ஒழுகுகிறது என்று ஏணி போட்டு வெளியே ஏறித் தேடினேன். எங்கும் ஒழுகவில்லை.

லாக்லன் வந்து எட்டிப் பார்த்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"மழை இல்லடா இது."

"பின்னே?"

"உன் மூச்சு. ராத்திரி பூரா நீ விட்ட மூச்சுக்கு வெளியே போக வழி இல்ல. மேல போய் உக்காந்து உன் மேலேயே பெஞ்சிருக்கு. படகைச் செஞ்சு வெச்சிருக்கியே, வேன் எங்கடா?"

நாற்பது வருடமும் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் என் வேலை. உள்ளே இருக்கிறவன் மூச்சு எங்கே போகும் என்று நான் யோசித்ததே இல்லை. அந்த முத்துகள் உன் கழுத்தின் மேல் சொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு எல்லாவற்றையும் மறுபடியும் கழற்றினேன். வண்ணம் பூசிய பலகையை எடுத்துவிட்டேன். நுரைத் தகட்டின் மேல் நேராகச் சாம்பல் நிறக் கம்பளித் துணியை ஒட்டுகிறேன். தொட்டால் குளிராது, குளிராத இடத்தில் தண்ணீர் தங்காது. கேன்வாஸில் இரண்டு பக்கமும் வலை வைத்த ஜன்னல் வெட்டினேன்.

அதோடு மூடியின் உச்சியில் ஒரு துளை போட்டேன். படகு அறைகளுக்கு மேலே காளான் மாதிரி ஒன்று நிற்குமே, காற்று போகும், மழை வராது, அதை அங்கே பொருத்த. நல்ல கூரையில் நானே துளை போட வேண்டியிருந்தது. துளைப்பானை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கை வரவில்லை. உன்னை நினைத்துக்கொண்டேன். போட்டுவிட்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் கேள்வி.

பயமாகத்தான் இருக்கிறது. நீ இருமும்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தப்பான இடத்தைப் பார்த்துவிடுவேனோ என்று பயம். என் முகம் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது, அது பயம். டாக்டர் சொன்ன வருடக் கணக்கு பயம். ஆனால் இந்தச் சமையலறையில் ஒரு கப்பை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேனே, அதைவிடப் பெரிய பயம் இல்லை.

குரலைக் கல்யாணம் செய்தவன் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். அதனால் ஒன்று சொல்கிறேன். உன் கடிதங்களை லாக்லன் படித்தபோது அவை லாக்லன் குரலில் வந்தன. புகையிலைக் குரலில், நடுநடுவே தொண்டையைச் செருமிக்கொண்டு. இப்போது நானே படிக்கிறேன். யார் குரலில் கேட்கிறது என்று நினைக்கிறாய்? உன் குரலில்தான். "விற்கச் சொன்னேன்" என்று நீ எழுதியதைப் படித்தபோது பாத்திரத்தை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொல்கிற அதே அதட்டல். ஒரே ஒரு வித்தியாசம். நான் மெதுவாகப் படிப்பதால் நீ மெதுவாகப் பேசுகிறாய். இத்தனை வருடத்தில் நீ இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லும் தனியாக என்னிடம் வருகிறது.

ஆகையால் அது போகவில்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மே மாதம் 9ஆம் தேதி, சனிக்கிழமை, வேனை எடின்பரோவின் போர்ட்டோபெல்லோ கடற்கரைச் சாலையில் கொண்டுவந்து நிறுத்துவேன். நெட்டாவின் வீட்டுக்கு வரமாட்டேன். படி ஏறமாட்டேன். மணி அடிக்கமாட்டேன். வாக்கு வாக்குதான். நீ இறங்கி வந்தால் வா. வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன், பிறகு இதைக் கேட்கமாட்டேன்.

உன்
முர்டோ


விக்,
5 மே 1987

அன்புள்ள எல்ஸ்பெத்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். லாக்லன் தன் ஜன்னலிலிருந்து பார்க்கிறான். நேற்று ஒரு பொட்டலம் ஓட்ஸ் பிஸ்கட்டை வேன் இருக்கையில் வைத்தான். "வழிக்கு" என்றான். அவ்வளவுதான்.

கூரை முடிந்தது. துணியை ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் காற்றுக் குமிழ் நிற்கும். ஒரு கையால் துணியைத் தாங்கி, இன்னொரு கையால் தடவி, தலையாலும் முட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கைப்பிடி இடது பக்கம். போத்தலுக்கு ஒரு கொக்கி, துணிக்கு ஒன்று, சிலேட்டுக்குத் தோல் பட்டை வைத்த ஒரு பை. கண்ணாடி தலைமாட்டுப் பக்கம், சாய்த்துத் திருப்பலாம். மறுபடியும் அதில் படுத்துப் பார்த்தேன். காலையில் கூரை காய்ந்து இருந்தது. என் மூச்சு எங்கேயோ போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறேன். வழிகாட்டிப் பலகைகளை நானே படித்துக்கொண்டு வருவேன். பெரிய சாலைகளில் அவற்றைப் படித்து முடிப்பதற்குள் தாண்டிப்போய்விடுமாம், நூலகத்தில் எனக்குச் சொல்லித்தருகிற அம்மா சிரித்தாள். அதனால் மெதுவாக ஓட்டுவேன்.

நீ பதில் எழுதாததற்குக் கோபம் இல்லை.

முர்டோ


எடின்பரோ,
14 மே 1987

என் முர்டோ,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று நெட்டாவுக்குத் தொலைபேசியில் சொன்னது லாக்லன் என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு நன்றி சொல். இதைப் படித்துக் காட்டாதே.

நான் ஏன் பதில் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். எழுதியிருந்தால் "வராதே" என்றுதான் எழுதியிருப்பேன். அதனால் பேனாவை எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கே கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டேன். ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வேனுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உதடு அசைந்தது. விரல் வரியில் ஊர்ந்தது. போகிறவர்களில் சிலர் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ கவலைப்படவே இல்லை. கவலைப்படாத மாதிரியாவது உட்கார்ந்திருந்தாய்.

நான் சாலையைத் தாண்டியபோது வேனின் பக்கக் கண்ணாடியில் நீ என்னைப் பார்த்துவிட்டாய். எனக்குத் தெரியும், செய்தித்தாள் ஆடியது. ஆனால் நீ திரும்பவில்லை. எழுந்து, கடலைப் பார்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாய். அந்தப் பழைய பழுப்புக் கோட்டின் முதுகு. என்னைப் பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை, அதனால் பார்க்காமல் நின்றாய். கிழவா, அந்த முதுகைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்துப் பையில் போட்டேன். பிறகுதான் உன் தோளைத் தொட்டேன்.

நீ திரும்பினாய். முகம் என்ன செய்யுமோ என்று பயந்தாயே, என்ன செய்தது தெரியுமா? இயந்திரத்தைப் பார்க்கும்போது நீ வைத்துக்கொள்வாயே, புருவம் சேர்ந்த அந்த முகம், அதைத்தான் வைத்துக்கொண்டாய். குனிந்து துளையை நேராகப் பார்த்தாய். ஐந்து மாதமாக யாரும் அப்படிப் பார்க்கவில்லை. எல்லோரும் என் நெற்றியையோ நெட்டாவையோ பார்ப்பார்கள்.

"காத்து நல்லா வருதா?" என்று கேட்டாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வரவில்லை, கழுத்திலிருந்து ஊதல் மாதிரி ஒன்று வந்தது, பிறகு இருமல். நீ நகரவில்லை. இருமி முடியும்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "முடிஞ்சுதா?" என்றாய். தலையாட்டினேன். "இவ்வளவுதானா? லாக்லன் இதைவிட மோசமா இருமுவான்" என்றாய்.

வேனுக்குள் நிமிர்ந்து நின்றேன். தலைக்கு மேல் இடம் இருந்தது. கடலும் தெரிந்தது. மதியம் படுத்தேன், உட்கார்ந்தபடி அல்ல, முதுகு படியப் படுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. தூங்கியும் போனேன். கண் விழித்தபோது நீ படியில் உட்கார்ந்து, மனிதர்கள் யாரும் உள்ளே எட்டிப் பார்க்காதபடி வாசலை அடைத்துக்கொண்டிருந்தாய்.

கூரைத் துணி பின்பக்க இடது மூலையில் சுருங்கியிருக்கிறது. பிரித்து ஒழுங்காக ஒட்டு.

ஜூன் இரண்டாம் தேதி ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை இருக்கிறது. அதில் என்ன சொன்னாலும் சரி, மூன்றாம் தேதி வந்து என்னை அழைத்துக்கொண்டு போ. இந்தத் தடவை படி ஏறி வா, மணி அடி. பெட்டி கனமாக இருக்கும். நேராக விக்குக்குப் போக வேண்டாம். மேற்குக் கரை வழியாகப் போகலாம். டாக்டர் சொன்ன வருடங்கள் எத்தனையோ, அவற்றை நெட்டாவின் பின்னறையில் உட்கார்ந்து எண்ண எனக்கு இஷ்டமில்லை.

இதை நெட்டாவிடம் நேற்று சொன்னேன். எழுதிக் காட்டினேன் என்று சொல்ல வேண்டும். அவள் அழவில்லை, சண்டை போட்டாள். நான்கு மாதம் என்னை அவள் பார்த்துக்கொண்டதற்கு அந்தச் சண்டை போட அவளுக்கு உரிமை உண்டு.

"அங்க யாருடி இருக்கா உனக்காகப் பேசுறதுக்கு?" என்றாள்.

சிலேட்டில் எழுதினேன்: யாரும் பேச வேண்டாம். நான் எழுதுவேன், அவன் படிப்பான்.

"அந்த ஆளா? அவன் ஒரு வரியைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போயிடும்."

துடைத்துவிட்டு ஒரே ஒரு சொல் எழுதினேன்: ஆறட்டும்.

உன்
எல்ஸ்பெத்